டைட்டானிக் அட்டவணை: கை-ஸ்கொயர் 190 வந்தால் தொடர்பு ‘மிக வலு’ என்று எழுதலாமா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு டைட்டானிக் தரவை எடுத்திருக்கிறேன், சார். எந்த வகுப்பு, பிழைத்தாரா இல்லையா என்று குறுக்கு அட்டவணை போட்டேன். கை-ஸ்கொயர் 190.4, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3, பி-மதிப்பு கிட்டத்தட்ட சுழியம். ‘மிக வலுவான தொடர்பு’ என்று எழுதிவிட்டேன். கைடு ‘வலு எவ்வளவு என்று எண்ணில் சொல்’ என்கிறார். 190 எண் இல்லையா? இன்னொன்று, மூன்றாம் வகுப்பில் 25 சதவீதம் பிழைத்திருக்கிறார்கள், சிப்பந்திகளில் 24 சதவீதம். இரண்டும் ஒன்றுதானே? ஒரே வரிசையாகச் சேர்த்துவிடலாமா?

ஜூன் 3, இரவு

முதலில் அட்டவணையைப் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கொரு டைட்டானிக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையிலிருந்து வந்த 2201 பேர் கணக்கு. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் கூடவே வருவதும் இதுதான்.

முதல் வகுப்பு: 325 பேர், பிழைத்தவர் 203, இறந்தவர் 122
இரண்டாம் வகுப்பு: 285 பேர், 118, 167
மூன்றாம் வகுப்பு: 706 பேர், 178, 528
சிப்பந்திகள்: 885 பேர், 212, 673
மொத்தம்: 2201 பேர், 711, 1490

தம்பி, 190 எண்தான், ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கான எண் இல்லை. தொடர்பே இல்லாவிட்டால் வந்திருக்க வேண்டிய எண்ணிக்கைகளிலிருந்து அட்டவணை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் கை-ஸ்கொயர்; அவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டால் பெருக்கிப் பாருங்கள். 4402 பேர், அதே சதவீதங்கள், அதே கதை. கை-ஸ்கொயர் மட்டும் 380.8 ஆகிவிடும். மாவை இரண்டு மடங்கு ஊற்றினால் இட்லி எண்ணிக்கை கூடும், ருசி கூடுமா?

எண்ணிக்கையின் பங்கைக் கழிக்க கை-ஸ்கொயரை 2201-ஆல் வகுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். 0.29 வரும். உங்கள் அட்டவணையில் ஒரு பக்கம் இரண்டே வகை இருப்பதால் இதுவே க்ராமர் வி. சுழியத்திலிருந்து ஒன்று வரை போகும் அளவு அது. கைடு கேட்டது இதைத்தான்.

சிப்பந்தி விவகாரத்துக்கு அப்புறம் வருகிறேன். அதுவரை சேர்க்காதீர்கள்.

ஜூன் 4

0.29 என்பது பெரிதா சிறிதா என்று உடனே கேட்டுவிட்டார்கள். 0.1 சிறிது, 0.3 நடுத்தரம், 0.5 பெரிது என்று ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது. ஜேக்கப் கோஹன் உளவியல் ஆய்வுகளை மனதில் வைத்து, வேறு வழியில்லாவிட்டால் பயன்படுத்துங்கள் என்ற தொனியில் கொடுத்தது. இப்போது அது பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதாகச் சேர்ந்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். அதே 2201 பேரை ஆண், பெண் என்று பிரித்தால், 470 பெண்களில் 344 பேர் பிழைத்தார்கள், 1731 ஆண்களில் 367 பேர். கை-ஸ்கொயர் 456.9, வி 0.46. ஆக வகுப்பைவிட பாலினத்துக்குத் தொடர்பு அதிகம் என்று எழுதலாம். இதுவரை தப்பில்லை.

ஜூன் 4, மாலை

‘பெண்களும் குழந்தைகளும் முதலில் என்பதெல்லாம் கட்டுக்கதை, பிழைத்தவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்கு சரி. 711-இல் 367, அதாவது 51.6 சதவீதம். ஆனால் அந்தக் கப்பலில் ஏறியவர்களில் 79 சதவீதம் ஆண்கள். பிழைத்தவர்களில் எத்தனை சதவீதம் பெண்கள் என்பது ஒரு கேள்வி (48), பெண்களில் எத்தனை சதவீதம் பிழைத்தார்கள் என்பது வேறு கேள்வி (73, ஆண்களில் 21). வரிசைச் சதவீதமா, நிரல் (மேலிருந்து கீழ்) சதவீதமா என்று பார்க்காமல் எக்செல்லில் இழுத்துவிட்டால் இந்த விபத்து நடக்கும்.

நான் பல வருஷம் சர்வே டேபிள் போட்டே பிழைத்தவன். (சிரிக்க வேண்டாம், வேலையைச் சொன்னேன்.) எங்களிடம் ஒரு விதி இருந்தது: எதைக் காரணம் என்று நினைக்கிறோமோ அதன் மொத்தத்தை 100 ஆக்கு. அது எழுதாத விதி. அதை மீறிய ஸ்லைடுகள் வாடிக்கையாளர் கூட்டம் வரை போனதுண்டு, அங்கே கைத்தட்டும் வாங்கியதுண்டு.

ஜூன் 6

குழந்தைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது எனக்குப் பிடித்த இடம்.

109 குழந்தைகள், 57 பேர் பிழைத்தார்கள். 2092 பெரியவர்களில் 654 பேர். 52 சதவீதத்துக்கு எதிரே 31. சின்ன வித்தியாசமா? ஆனால் ஃபை கெழு (இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் வி-யும் அதுவும் ஒன்றே) 0.098. கோஹன் வாய்ப்பாட்டைப் பிடித்துத் தொங்கினால் ‘சிறிது’ என்றுகூடச் சொல்ல முடியாது.

ஏன் இப்படி? 109 குழந்தைகளும், ஒருவர் விடாமல், பிழைத்திருந்தால் ஃபை எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். 0.33. இந்த அட்டவணையில் அதற்கு மேல் போக வழியே இல்லை. குழந்தைகள் மொத்தத்தில் 5 சதவீதம், பிழைத்தவர்கள் 32 சதவீதம். ஓரத்து மொத்தங்கள் இவ்வளவு பொருந்தாமல் இருக்கும்போது ஃபை ஒன்றைத் தொட முடியாது. சுழியம் முதல் ஒன்று வரை என்று ஜூன் 3-இல் எழுதினேன் அல்லவா, கொள்கையளவில் அது சரி. கையில் இருக்கும் அட்டவணையில் உச்சவரம்பு எங்கே என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குத்தான் ஆட்ஸ் விகிதம். குழந்தைகளில் பிழைத்தவர்–இறந்தவர் 57-க்கு 52. பெரியவர்களில் 654-க்கு 1438. ஒன்றை மற்றதால் வகுத்தால் 2.41. குழந்தைகளின் எண்ணிக்கை பத்து மடங்காக இருந்து பிழைத்த சதவீதம் மாறாமல் இருந்தால் ஃபை கூடியிருக்கும், ஆட்ஸ் விகிதம் அப்படியே 2.41-இல்தான் நிற்கும்.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழித்து

ஆட்ஸ் விகிதத்தை ‘இத்தனை மடங்கு அதிகம் பிழைத்தார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். பெண்–ஆண் அட்டவணையில் ஆட்ஸ் விகிதம் 10.1. பிழைத்த சதவீதங்களின் விகிதம் 73.2-ஐ 21.2-ஆல் வகுத்தால் கிடைக்கும் 3.45. செய்தித்தாளில் 10 என்று வந்தால் படிப்பவர் 3.45-ஐத் தான் பத்து என்று நினைத்துக்கொள்வார்.

ஜூன் 7

பள்ளியில் யூல் கெழு படித்த யாரோ ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி. அது இதே ஆட்ஸ் விகிதம்தான், வேறு சட்டை போட்டிருக்கிறது. ஆட்ஸ் விகிதத்தில் ஒன்றைக் கழித்து, அதோடு ஒன்றைக் கூட்டியதால் வகுங்கள். பெண்–ஆண் அட்டவணையில் 9.15 கீழ் 11.15, அதாவது 0.82. அதே அட்டவணைக்கு ஃபை 0.46. ஒரே தரவு, இரண்டு எண்ணுமே ‘தொடர்பு’, எதை அச்சில் போடுவது?

இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கு முந்தையது. கை-ஸ்கொயரை 1900-இல் கார்ல் பியர்சன் கொடுத்தார். முன்பு அவரிடம் வேலை பார்த்த உட்னி யூல் அதே 1900-இல் தன் கெழுவை வெளியிட்டார், பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெட்லேவின் நினைவாக அவர் பெயரின் முதல் எழுத்தை (Q) அதற்கு வைத்தார். பியர்சனுக்குப் பிடிக்கவில்லை. எந்த வகைப்பாட்டுக்கும் அடியில் தொடர்ச்சியான ஒரு அளவு ஒளிந்திருக்கிறது, உயரம் மாதிரி, நாம் அதை வெட்டி நெட்டை குட்டை என்கிறோம், அந்த ஒளிந்த அளவுகளின் ஒட்டுறவைத்தான் கணக்கிட வேண்டும் என்பது அவர் கட்சி. யூல் 1912-இல் பதில் சொன்னார்: பெரியம்மையில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரே அளவுக்குத்தான் இறந்திருக்கிறார்கள், இதில் அதிகம் இறந்தவர் குறைவாக இறந்தவர் என்று ஒளிந்த அளவு எங்கே இருக்கிறது என்ற பொருளில். பியர்சனும் டேவிட் ஹெரானும் 1913-இல் 150 பக்கத்துக்கு மேல் மறுப்பு எழுதினார்கள். பத்திரிகை பியர்சனுடையது, பக்கத்துக்குப் பஞ்சமில்லை.

கப்பல் விஷயத்தில் நான் யூல் கட்சி. கடலில் மூழ்கியதற்கு அளவு கிடையாது.

அப்புறம், உங்கள் ‘டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3’, அதாவது சுதந்திரமாக மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை. பியர்சன் முறைப்படி அது 7 ஆகியிருக்கும், எட்டுக் கட்டம் கழித்தல் ஒன்று. ஓரத்து மொத்தங்களைத் தரவிலிருந்தே எடுத்துக்கொண்டதால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது, வரிசையில் ஒன்று குறைத்து நிரலில் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும் என்று ரொனால்ட் ஃபிஷர் 1922-இல் காட்டினார். பியர்சன் அதையும் ஏற்கவில்லை. மேதைகள் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

ஜூன் 9

லாம்டா பற்றிக் கேட்டவருக்கு. இதுவும் தொடர்பை அளக்கும் ஒரு எண்தான், குட்மன், க்ரஸ்கல் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1954-இல் பிரபலப்படுத்தியது. கேள்வி எளிமையானது: ஒன்று தெரிந்தால் மற்றதை ஊகிப்பதில் எத்தனை தவறு குறையும்?

ஒன்றும் தெரியாமல் எல்லோரையும் ‘இறந்தார்’ என்று ஊகித்தால் 711 தவறு. பாலினம் தெரிந்தால் பெண்களைப் ‘பிழைத்தார்’ என்பேன், தவறு 126 கூட்டல் 367, ஆக 493. குறைந்தது 218. லாம்டா 0.31. வகுப்பு தெரிந்தால் முதல் வகுப்புக்கு மட்டும் ஊகம் மாறும், லாம்டா 0.11.

இந்த எண்ணைக் கூட்டத்தில் சொன்னால் புள்ளியியல் தெரியாதவருக்கும் விளங்கும். அதனால் எனக்குப் பிடிக்கும். அதனாலேயே பயமும் உண்டு. இதைப் பாருங்கள்.

வகுப்பைச் சொல்கிறேன், ஆணா பெண்ணா என்று ஊகியுங்கள். முதல் வகுப்பில் 180 ஆண், 145 பெண். இரண்டாவதில் 179, 106. மூன்றாவதில் 510, 196. சிப்பந்திகளில் 862, 23. எங்கே போனாலும் ஆண்தான் அதிகம், ஆகவே எதைச் சொன்னாலும் ‘ஆண்’ என்பதே என் ஊகம். வகுப்பு தெரிந்ததால் ஒரு தவறுகூடக் குறையவில்லை. லாம்டா சுழியம், சுத்தமான சுழியம்.

ஆனால் முதல் வகுப்பில் 45 சதவீதம் பெண்கள், சிப்பந்திகளில் 2.6 சதவீதம். க்ராமர் வி 0.40! தொடர்பே இல்லை என்று லாம்டாவைக் காட்டி ஒருவர் சாதித்தால் எப்படி இருக்கும்?

திருப்பிப் போட்டு, பாலினத்தைச் சொல்லி வகுப்பை ஊகிக்கச் சொன்னால் அதே அட்டவணைக்கு லாம்டா 0.13. அதற்குத் திசை உண்டு. வி-க்குக் கிடையாது.

ஜூன் 9, இரவு

ஆமாம், வி-க்கு வரிசையும் தெரியாது. முதல், இரண்டு, மூன்று என்பதை மூன்று, ஒன்று, இரண்டு என்று கலைத்துப் போட்டாலும் அதே 0.29. ஏணி போல் 62, 41, 25 என்று இறங்குவதை அது கவனிக்கவே இல்லை. சிப்பந்திகளை விலக்கிவிட்டு (அவர்களை ஏணியில் எங்கே வைப்பது?) பயணிகளுக்கு மட்டும் காமா கெழு (ஏணியின் வரிசையையும் கணக்கில் எடுக்கும் அளவு) போட்டேன், 0.51. வகுப்பு உயர உயரப் பிழைத்தல் கூடியது என்று சொல்ல நினைத்தால் இதைச் சொல்லுங்கள்.

ஜூன் 11

சரி, சிப்பந்திகள். மூன்றாம் வகுப்பு 25.2, சிப்பந்திகள் 24.0. ஒன்றுபோலத்தான் இருக்கிறது, சேர்த்துவிடலாம் என்றுதான் தோன்றும். பாலினத்தால் பிரித்துப் பாருங்கள்.

பெண்கள்: மூன்றாம் வகுப்பில் 196-இல் 90 பேர் பிழைத்தார்கள், 46 சதவீதம். சிப்பந்திகளில் 23-இல் 20 பேர், 87 சதவீதம்.
ஆண்கள்: மூன்றாம் வகுப்பில் 510-இல் 88 பேர், 17 சதவீதம். சிப்பந்திகளில் 862-இல் 192 பேர், 22 சதவீதம்.

பெண்களிலும் சிப்பந்திகள் மேல், ஆண்களிலும் சிப்பந்திகள் மேல். சேர்த்தால் சிப்பந்திகள் கீழ். எந்த எண்ணிலும் பிழையில்லை. மூன்றாம் வகுப்பில் 28 சதவீதம் பெண்கள், சிப்பந்திகளில் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். பெண்கள் அதிகம் பிழைத்த கப்பலில், பெண்கள் இல்லாத கூட்டத்தின் சராசரி இறங்கிவிடும். இப்படிச் சேர்த்தால் திசை மாறுவதைப் பற்றி எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் எழுதியதால் இது ‘சிம்ப்சன் முரண்’ என்று அவர் பெயரில் வழங்குகிறது, யூல் 1903-லேயே சொல்லியிருக்கிறார். சிலர்தான் யூல் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஆகவே அந்த இரண்டு வரிசைகளைச் சேர்க்காதீர்கள். ‘சிப்பந்தி’ என்பதே ஒரு கூடைதான், அதற்குள் படகுத் துடுப்புப் பிடிக்க ஏற்றப்பட்ட மாலுமிகளும் இருக்கிறார்கள், ஒருவர்கூடப் பிழைக்காத எஞ்சினியர்களும் இருக்கிறார்கள். அதையும் பிரித்தால் இன்னொரு கதை வரலாம்.

ஜூன் 12

நேற்று எழுதியதற்குப் பிறகு ஜூன் 4-இல் சொன்னதைத் திரும்பப் படித்தேன். ‘வகுப்பைவிடப் பாலினத்துக்குத் தொடர்பு அதிகம்’. அந்த வாக்கியம் நிற்கும், ஆனால் தனியாக நிற்காது. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் பெண்–ஆண் ஆட்ஸ் விகிதம் போட்டால்:

முதல் வகுப்பு 67
இரண்டாம் வகுப்பு 44
சிப்பந்திகள் 23
மூன்றாம் வகுப்பு 4

நான் ஜூன் 6-இல் கொடுத்த 10.1 இந்த நான்கில் எதுவும் இல்லை. அது எல்லோருக்கும் பொதுவான எண்ணும் இல்லை, யாருக்கும் பொருந்தாத எண். மான்டெல்–ஹேன்சல் முறையில் (1959) நான்கையும் ஒன்றாக்கலாமே என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிரிவிலும் விகிதம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போதுதான் அந்தச் சராசரிக்குப் பொருள். 4-க்கும் 67-க்கும் நடுவே சராசரி எடுத்து என்ன செய்வது?

பெண் என்பதால் கிடைத்த சலுகை முதல் வகுப்பில் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது, மூன்றாம் வகுப்பில் பாதிப் பெண்களுக்குக்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் புராஜெக்டில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன், 190-உம் இல்லை, 0.29-உம் இல்லை. குழந்தைகளையும் இப்படிப் பிரியுங்கள். அட்டவணைப்படி இறந்த 52 குழந்தைகளும் மூன்றாம் வகுப்பு. முதல் இரண்டு வகுப்பிலும் இறந்தவர் கட்டத்தில் சுழியம்.

ஜூன் 13

‘2201 பேரும் கப்பலில் இருந்த எல்லோரும்தானே, மாதிரி எடுக்கவே இல்லையே, பி-மதிப்பு எதற்கு?’ நல்ல கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. எந்தப் பெருந்தொகையிலிருந்து எடுத்த மாதிரி இது? ‘யார் பிழைப்பார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்திருந்தால் இப்படி வருமா’ என்று கேட்பதாக வைத்துக்கொண்டால் கை-ஸ்கொயருக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்போதும் ஒவ்வொருவர் கதியும் தனித்தனி என்ற அனுமானம் இடிக்கும். குடும்பங்கள் சேர்ந்தே ஏறின அல்லது சேர்ந்தே நின்றன. இடப்பக்கப் படகுகளில் அதிகாரி லைட்டோலர் பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் ஏற்றினார், வலப்பக்கம் மர்டாக் பெண்கள் இல்லாவிட்டால் ஆண்களையும் விட்டார். எந்தப் பக்கம் போய் நின்றார் என்பதும் ஒரு மாறி, நம் அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை.

சர்வே வேலையில் இதற்கு நேரெதிர்க் கூத்து. மாதிரி மிகப் பெரிது, அதனால் எந்த டேபிளிலும் நட்சத்திரக்குறி (பி-மதிப்பு மிகச் சிறிது என்பதற்கான அடையாளம்) விழும். ஒரு வாடிக்கையாளர் நட்சத்திரங்களை எண்ணி, அதிகம் விழுந்த கேள்விகளை ‘முக்கியமானவை’ என்று தனித்தாளில் வாங்கிப் போனார். வி 0.03 உள்ளதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை, மாதக் கடைசி.

ஜூன் 14

67-ஐப் பார்த்து மயங்கி அதைத் தலைப்பில் வைக்கப் போவதாகக் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். பொறுங்கள்.

அந்த 67, 141 பெண்கள் பிழைத்து 4 பேர் இறந்ததிலிருந்து வருகிறது. அந்த 4 என்ற குட்டிக் கட்டம்தான் எண்ணை ஆட்டிவைக்கிறது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை) ஏறத்தாழ 24 முதல் 190 வரை போகிறது. மூன்றாம் வகுப்பின் 4-க்கு 2.8 முதல் 5.9 வரை. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை, ஆகவே வகுப்புக்கு வகுப்பு வித்தியாசம் என்பது நிற்கிறது. 67 என்ற துல்லியம் நிற்காது.

அதோடு, இந்த அறிக்கையின்படி முதல் வகுப்பில் 6 குழந்தைகள், 6 பேரும் பிழைத்தார்கள். உண்மையில் முதல் வகுப்பில் பயணம் செய்த இரண்டு வயது லொரேன் ஆலிசன் தன் பெற்றோரோடு இறந்துபோனாள். அவளை இறந்தவர் கட்டத்துக்கு மாற்றினால் 4 என்பது 5 ஆகிறது, 141 என்பது 140. ஆட்ஸ் விகிதம் 67-இலிருந்து 53-க்கு இறங்கிவிடும். 2201 பேர் அட்டவணையில் ஒரே ஒரு குழந்தை. வகுப்பின் க்ராமர் வி-யில் அது இரண்டாவது தசமத்தில்கூடத் தெரியாது.

தலைப்பில் எண் வேண்டுமானால் சதவீதங்களைப் போடுங்கள்: முதல் வகுப்புப் பெண்கள் 97, மூன்றாம் வகுப்புப் பெண்கள் 46, மூன்றாம் வகுப்பு ஆண்கள் 17. ஆட்ஸ் விகிதங்களை இடைவெளியோடு உள்ளே அட்டவணையில் வையுங்கள். கைடுக்கு வி 0.29, அடைப்புக்குள் கை-ஸ்கொயர். அவர் லாம்டா கேட்டால் ஜூன் 9 குறிப்பைக் காட்டுங்கள்.